இருபத்தேழு நிமிஷ மிச்சம்

குற்றாலம் மலையில் காலை ஆறு மணிக்கு அளந்த தண்ணீர்ச் சீட்டு, அரக்கு வைத்த கவருக்குள் தென்காசி ஆற்று அளவு ஆபீஸ் மேஜைமேல் இருந்தது. எதிரே சொரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆறு வருஷமாக அந்தச் சீட்டை வாங்கி, லாகரிதம் அட்டவணையைப் புரட்டி, சிற்றாறு எத்தனை மணிக்குக் கரை தாண்டும் என்று அரை மணியில் போட்டுக் கொடுப்பது அவன் உத்தியோகம். கணக்கு முடிந்தால்தான் கரையோரத் தெருவுக்குத் தண்டோரா போகும், சர்க்கார் விதி. அந்தத் தெருவின் கடைசி வீட்டில் அவன் அக்கா பேராச்சி இடுப்பொடிந்து கட்டிலோடு கிடந்தாள்.

அந்த 1961 ஐப்பசியில் கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷின் ஒன்று வந்து இறங்கியது. மெஷின் விரைவா, சொரிமுத்து விரைவா என்று பெரிய என்ஜினியர் முன்னிலையில் கடிகாரம் வைத்துப் பார்க்க ஏற்பாடு. வாழைமரம் கட்டியாயிற்று. வரவேற்பு மேளத்துக்குத் தண்டோராக்காரனையே வாசலில் நிறுத்தியாயிற்று. பெரிய என்ஜினியரைத்தான் காணோம்.

எட்டரைக்குப் பியூன் முப்பிடாதி நனைந்துகொண்டு சைக்கிளில் வந்தான். "ஐயா எண்ணெய் தேச்சுட்டு உக்காந்திருக்காவ. அருவி பொங்கிக் கொட்டுது. கொறஞ்ச பொறவுதான் குளிக்கணுமாம்."

சொரிமுத்து எழுந்தான். "அண்ணாச்சி, அருவி பொங்குதுங்கான். கவரப் பிரிச்சுக் கணக்கப் போட்டுருதேன்."

தலைமைக் கணக்கர் நெல்லையப்பன் வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கினார். "அரக்க ஒடச்சா கள்ள ஆட்டம்னு ஐயா எழுதிருவாவ. நீரு டெம்ப்ரவரி வேற. உக்காரும்வே."

உட்கார்ந்தான்.

பத்து மணிக்கு ஐயா குளிக்காமலே, காதோரம் எண்ணெய் வழிய வந்தார். மாலை, பன்னீர், விஞ்ஞான யுகம். பத்து இருபதுக்குக் கவர் பிரிந்தது; மெஷினுக்கும் அவனுக்கும் ஒரே நேரத்தில் கணக்கு தொடங்கியது.

மெஷின் நாலு நிமிஷம் கடகடத்து ஓய்ந்தது. விடையைக் கவரில் போட்டு மறுபடி அரக்கு வைத்தார்கள். ஒருவர் விடையை மற்றவர் பார்த்துவிடக் கூடாதாம்.

பாதிக் கணக்கிலேயே சொரிமுத்து பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "ஐயா, பதினோரு மணிக்குத் தாண்டிரும்போல. தண்டோராவ அனுப்பிருங்க."

"பாதிக் கணக்குக்குத் தண்டோரா கிடையாது."

"மெஷின் முடிச்சிருச்சே ஐயா."

"அது கவருக்குள்ள இருக்கு. நீர் முடிச்சாத்தான் பிரிக்கலாம். பேசப் பேச உம்ம நேரந்தான் போகுது."

எழுந்து ஓடிவிடலாம். ஓடினால் வேலை போகும்; கணக்கும் பாதியில் நிற்கும், தண்டோராவும் நிற்கும். அவன் குனிந்தான்.

பத்து ஐம்பத்தொன்றுக்கு முடித்தான். இரண்டு விடையும் ஒன்றே: பதினோரு மணி. எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அது முடிந்துதான் தண்டோராக்காரன் கிளம்பினான்.

நாலாம் நாள், மொட்டைத் தலையோடு சொரிமுத்து அறிக்கையை நகல் எழுதினான். மெஷினால் மிச்சமாகும் நேரம், இருபத்தேழு நிமிஷம்.

"காத்திருந்த நேரத்த எங்கன எழுத, அண்ணாச்சி?"

"அதுக்குக் கட்டம் இல்லவே. வெள்ளம் நெசமா எத்தனைக்கு வந்துச்சுன்னுதான் ஒரு கட்டம் காலியா கெடக்கு. யாரும் பாத்து வச்ச மாதிரி தெரியல."

பேராச்சியின் கட்டில் தலைமாட்டில் இருந்த டைம்பீஸைச் சொரிமுத்து பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான். கண்ணாடிக்குள் சேறு. முள் பதினொன்று எட்டில் நின்றிருந்தது.

கட்டத்தை நிரப்பினான்.