ஒன்பது பேருக்கு வளையம்

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தபோதே ஏதோ வில்லங்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆளை வரச்சொல்லி நிற்கவைத்துப் பேசும் ரகம் அவர்.

"இந்த ஒன்பது பேரும் படத்துல பளிச்சுனு தெரியணும்மா. நாளைக்குக் கம்பெனி இயக்குநர் பார்த்ததும் இவங்கதான் மந்தம்னு கண்ணுல அறையணும்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

கணினியில் அவள் வரைந்த புள்ளிப் படம் ஏற்கெனவே தயார். கிடங்கில் பொட்டலம் கட்டும் நானூற்றுப் பத்துப் பேரும் அதில் ஆளுக்கொரு சாம்பல் புள்ளி. இடமிருந்து வலமாக, ஒரு நாளில் நின்றே கழித்த நேரம். கீழிருந்து மேலாக, மணிக்குக் கட்டிய பொட்டலம். புள்ளிமேல் புள்ளி ஏறி ஈ மொய்த்த மாதிரி இருந்தது.

காகிதத்தில் நான்காவது அவளுடைய நாத்தனார். எட்டு வருடமாக இவளுக்கு வேப்பங்காய்தான். ஆனாலும் இரண்டு பிள்ளைகளை ஒண்டியாக வளர்ப்பவள். இந்த வேலை போனால் நடுத்தெரு. ஒன்பது பேரும் உட்கார முக்காலி கேட்டு மனுக் கொடுத்தவர்கள். மனுவின் நகல் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் தொங்கியது. கையெழுத்து இருந்த அதே வரிசையில் பட்டியல்! அதைக் கலைத்து எழுதக்கூட இந்த மனிதருக்கு மூளையைச் செலவழிக்க மனமில்லை.

ஒன்பதுக்கும் சிவப்பு வளையம் என்று நிரலில் எழுதி ஓட்டினாள். ஒன்றுமே தெரியவில்லை. சிவப்பை முதலில் வரைந்து சாம்பலை அதன்மேல் கொட்டியிருந்தாள். கற்றுக்குட்டி செய்யும் தப்பு. மேலே கிடந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாள். அதே மூலையில், அதே மந்த வேகத்தில், இன்னும் இருபத்திரண்டு பேர்.

"சார், இந்த வேகத்துல மொத்தம் முப்பத்தொரு பேர் இருக்காங்க."

"இருந்துட்டுப் போகட்டுமே. வளையம் போட்டவன்தானே கண்ணுக்குத் தெரிவான்? இந்தக் கும்பல்ல யாரு எண்ணப் போறா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று நினைத்து அவளும் சிரித்து வைத்தாள்.

அவர் போனதும் பட்டியலை நிரலிலிருந்து தூக்கிவிட்டு ஒரே விதியை எழுதினாள்: மணிக்கு இருபத்தெட்டுக்குக் கீழே யாராக இருந்தாலும் வளையம், அதையும் கடைசியில், சாம்பலுக்கு மேலே வரை. முப்பத்தொன்றும் பளிச்சென்று வந்தன. அந்த ஒன்பதை மட்டும் எப்படிப் பொறுக்கினாய் என்று மேலாளரை இயக்குநர் கேட்காமலா போவார்?

மறுநாள் திரையில் படம் விழுந்ததும் மேலாளரின் முகம் சுண்டியது. இயக்குநர் தாடையைச் சொறிந்தார்.

"ஒன்பதுன்னு சொன்னீங்க?"

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்" என்றாள் அவள்.

"நல்ல வேலைம்மா. அப்போ முப்பத்தொரு பேரையும் அனுப்பிடலாம்."

மேலாளருக்கு உயிர் வந்தது. அவளுக்கு அந்த இருவர்மேல் மட்டுமில்லை, தன் சாமர்த்தியத்தின்மேலும் காறித் துப்பவேண்டும்போல இருந்தது.

"சார், எல்லாரும் வலது ஓரத்துலயே இருக்காங்க, பாருங்க. ஒன்பது மணி நேரம் உட்காராம நின்னவங்க. கை எப்படி சார் ஓடும்?"

"வலது பக்கம்னா என்னய்யா அர்த்தம்?" என்று இயக்குநர் மேலாளரைக் கேட்டார்.

ஒரு மாதமாக அந்தப் படத்தைக் காட்டிக் கதையளந்த மனிதர் எழுந்து திரைக்குப் போனார். விரல் மேலே போயிற்று, பக்கவாட்டில் போயிற்று, எங்கும் நிற்கவில்லை.

"நகருங்க சார், மறைக்குது" என்றாள்.

எந்தப் பக்கம் நகர்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டைக்குள் பிதுங்கிய தொப்பைமேல் முப்பத்தொரு சிவப்பு வளையங்களும் ஏறி நின்றன.