இரண்டு பூட்டுப் பெட்டி

மருந்து ரூமைப் பெருக்கி முடித்துவிட்டு, ஈரத்துணியால் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் ரோஜா. பயிருக்கு அடிக்கிற மருந்தை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று, திண்டிவனத்து டிரஸ்ட் ஒன்று ஏரிக்கரையில் கட்டிக்கொடுத்த அறை அது. மனசு வெறுத்துப்போன நேரத்தில் மருந்து கைக்கு எட்டாமல் இருந்தாலே பாதிப்பேர் பிழைத்துக்கொள்வார்கள் என்று சொல்லித்தான் அவளை வேலைக்கு வைத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பூட்டு. ஒரு சாவி பெட்டிக்காரரிடம். இன்னொன்று எல்லாப் பெட்டிக்கும் பொது. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். காலனிக்காரி கழுத்தில் தங்கள் சாவி தொங்குவது ஊர்த்தெருவில் பலருக்கு உறுத்தல்தான். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு ஊர்த்தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஜெகதீசன் நடந்து வந்தான். மயிலம் ரோட்டை ஒட்டி அவனுக்கு நிலம். போன வாரத்து மழையில் உளுந்து மொத்தமும் மூழ்கி அழுகிவிட்டது. வண்டி இல்லை, முதுகில் ஸ்பிரேயர் இல்லை, காலில் செருப்புகூட இல்லை. வலது கை விரல் முட்டிகளில் ரத்தம் காய்ந்திருந்தது.

"பெட்டியத் தொற."

"இன்னாண்ணா, மழ தூறிக்கினு இருக்கு. இப்ப அடிச்சா எல்லாம் கழுவிக்கினு பூடுமே."

"உன்கிட்ட யோசன கேட்டனா நானு?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். "ஒக்காருங்கண்ணா. டீ வாங்கியாறேன். ஊட்ல அக்காகிட்ட ஒரு வார்த்த..."

காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. தடுமாறியவளின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"எங்க பொருள எடுக்க உன் உத்தரவு வாங்கணுமாடி? சாவியக் கழட்டு!"

கழுத்துக் கயிற்றை இழுத்தான். அது அறுந்து சாவி தரையில் விழுந்தது. அவன் குனிவதற்குள் ரோஜா அதன்மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டாள். கதவுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் கம்பியை எடுத்து அந்தக் கையிலேயே போட்டான். கரும்பை ஒடித்தது போலச் சத்தம் வந்தது. இரண்டாவது அடிக்குக் கம்பியை ஓங்கியபோது, அவள் இடது கையால் சாவியை வாரிக்கொண்டு வெளியே ஓடி ஏரியில் வீசி எறிந்தாள்.

கம்பியைப் போட்டுவிட்டு ஜெகதீசன் தண்ணீரில் இறங்கினான். சேற்றைத் துழாவினான். துழாவித் துழாவிக் கை ஓய்ந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். ஓடிவிடலாம் என்றுதான் ரோஜாவுக்கு முதலில் தோன்றியது. ஆனால் மனசு ஒடிந்தவர்கள் பேசுவதற்கென்று அறைச் சுவரில் டிரஸ்ட்காரர்கள் பெரிதாக எழுதி வைத்திருந்த நூற்று நான்கு என்ற எண்ணைப் போனில் இடது கையால் அழுத்தி, ஜெகதீசன் மருந்து கேட்டு வந்ததைச் சொன்னாள்.

"அவரு இப்ப உங்க கண்ணுக்குத் தெரியறாராம்மா?" என்றது ஒரு பெண் குரல்.

"தெரியறாரு மேடம். ஏரில நிக்கறாரு."

"ஆம்புலன்ஸ் அனுப்பறோம். அதுவரைக்கும் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. உங்களுக்கு ஏதாவது அடிபட்டிருக்கா? அப்படின்னா கிட்ட போகாதீங்க."

ரோஜா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "இல்ல மேடம்."

கரையோரம் போய் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் பக்கம் நீட்டினாள். "ஜெகதீசன், நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், சொல்லுங்க" என்றது குரல். குரல் மறுபடி மறுபடி கேட்டது. கடைசியில், "போதும்னு ஆயிடுச்சும்மா" என்றான். அதற்கப்புறம் அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

ஆம்புலன்சுக்கு முன்னால் அவன் மனைவி பானுப்ரியா ஓடி வந்தாள். அவள் கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டி விழுப்புரத்துக்குப் பறந்தது. ரோஜாவின் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் அதை முந்தானையில் தாங்கிக்கொண்டு, திண்டிவனம் பஸ்ஸில் நின்றபடியே போய் மாவுக்கட்டுப் போட்டு வந்தாள்.

வெயில் திரும்பியதும் கத்தரியில் புழு விழுந்தது. மாற்றுச் சாவி வருகிறவரை பொறுக்க ஒருவருக்கும் மனமில்லை. பூட்டுகளை உடைத்துப் பெட்டிகளை வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். காலியான அறையில் பஞ்சாயத்துத் தலைவர் அப்பாதுரை தன் உர மூட்டைகளை அடுக்கினார். சுவரில் இருந்த எண் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டது.

ரோஜாவைக் கூப்பிட்டனுப்பி நிற்க வைத்துப் பேசினார். "ஜெகதீசன் மருந்தடிக்கத்தான் வந்தான். நீதான் சாவியத் தொலச்சுட்ட. யாரு கேட்டாலும் அப்டித்தான் சொல்லணும். மானஸ்தன் குடும்பம்."

"அப்ப என் கை ஒடஞ்சதுங்க?"

"வழுக்கி உழுந்துட்ட."

ஜெகதீசன் சார்பில் பானுப்ரியா வந்திருந்தாள். அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பாதுரை எழுந்துபோனார்.

பொழுது சாயும்போது காலனிக்கு வந்தாள் பானுப்ரியா. இடுப்பில் பழைய புடவை சுற்றிய மருந்துப் பெட்டி.

"உள்ள வாங்கக்கா."

அவள் வரவில்லை. பெட்டியை வாசலில் இறக்கி வைத்தாள். "ஆஸ்பத்திரில இருந்து அனுப்பிட்டாங்க. மாத்தர சாப்பிட்டுத் தூங்கறாரு. இத நீயே வெச்சுக்க ரோஜா."

"கொழந்த கீதுக்கா. எங்க ஊட்டுக் கதவுக்குத் தாப்பாகூடக் கெடயாது."

"எங்க ஊட்ல அவரு இருக்காரே."

ரோஜாவுக்கு ஆத்திரம் பொங்கியது. நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதவள், இதற்கு மட்டும் வழி தெரிந்து வந்திருக்கிறாள். ஆனால் அந்தக் கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. பானுப்ரியாவின் போனை வாங்கி இடது கையால் அந்த நூற்று நான்கு எண்ணைப் பதிந்து கொடுத்தாள்.

"இதுல பேசுங்கக்கா. ராப்பகல் எடுப்பாங்க."

"அவருகிட்டயா?"

"உங்ககிட்டயும் பேசுவாங்க."

பானுப்ரியா போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, யாரும் பார்ப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள். ரோஜா ஒற்றைக் கையால் பெட்டியைச் சுவரோரம் இழுத்தாள். பூட்டுகள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டுமே இருந்தது. மகள் ஓடி வந்து, "இன்னாம்மா இது?" என்று மூடியில் கை வைத்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டு, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள் ரோஜா.