கீழுதடு

அந்தக் கிளினிக்கில் மல்லிகை வாசனை ஸ்பிரே அடித்து வைத்திருந்தார்கள். எனக்குக் குமட்டியது. நாலு மாதத்துக்கு முன், தாடைக்குக் கீழே தொங்கிய துளிச் சதையைக் குறைத்துக்கொள்ள இதே சோபாவில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்ஃபியில் ரெட்டைத் தாடை தெரிகிறதாம்! வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை. ஆபரேஷனில் நரம்பு அடிபட்டு இடப்பக்கக் கீழுதடு செத்துப்போனது. பேசினால் வாய் கோணுகிறது, காபி குடித்தால் வழிகிறது. கண்ணாடியைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அதைவிடக் கொடுமை அம்மா. சோமனூரில் விசைத்தறி ஓட்டியவள். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது; அங்கே உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அந்தச் சத்தமே கடைசியில் அவள் காதைத் தின்றுவிட்டது. எழுதிக் காட்டினால் படிக்கவும் தெரியாது. என் உதடுதான் அவளுக்குக் காது. இப்போது நான் வாயைத் திறந்தால் விழிக்கிறாள். சாமி குத்தம் என்று நினைத்துக் கோயில் கோயிலாக வேண்டிக்கொள்கிறாள். நடந்ததை டாக்டர் வாயாலேயே சொல்லட்டும் என்றுதான் அவளைக் கூட்டி வந்தேன்.

டாக்டர் பாலகோபால் என் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். "தாடை சூப்பரா வந்திருக்குங்க அம்மணி."

"உதடுங்க டாக்டர்?"

"அது தானா சரியாயிருங்க." போன தடவையும் இதே பாட்டு.

"உங்களாலதானுங்க நரம்பு போச்சு! அதை எங்கம்மாகிட்டச் சொல்லுங்க!" கத்தியதில் எச்சில் மேசைமேல் தெறித்தது. அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

அம்மா என் வாயையே பார்த்துச் சலித்து, அவரிடம் திரும்பினாள். "ஏனுங்க சார், புள்ள என்னங்க சொல்லுது?"

அவர் வாயை நன்றாகத் திறந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ரொம்ப சந்தோஷமா இருக்கேன்னு சொல்றாங்க."

கோணாத உதடு. சீ!

அம்மா முகம் மலர்ந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். செத்த உதட்டை விரலால் கீழே இழுத்து, கோணல் தெரியாதபடி நேராக்கிப் பிடித்துக்கொண்டேன். எச்சில் மணிக்கட்டு வரை வழிந்தது, வழியட்டும்.

"பொய்ம்மா. இந்தாளு கத்தி வெச்சுத்தான் என் வாய் போச்சு."

அம்மா என் உதட்டைப் பார்த்தாள், பிறகு தாடைத் தழும்பை. டாக்டரிடம் திரும்பி, "உங்க வாயி நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள்.

கும்பிட்ட கைகளைப் பிரித்து, சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.