சாமிக்காக நீலமாக்கிய கல்

1

இந்தக் கதை ஒரு கடைக் கண்ணாடியிலிருந்து வந்தது. திருப்பதியில் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு நின்றபோது, பக்கத்து ரத்தினக்கல் கடையில் இரண்டு பழைய புகைப்படங்களைப் பார்த்தேன். 'சூட்டுக்கு முன்': வெளிறிய ஒற்றைக் கல். 'சூட்டுக்குப் பின்': கருநீலத்தில் இரண்டு துண்டுகள். எந்தக் கடைக்காரராவது இப்படி விளம்பரம் செய்வாரா? உள்ளே போய்க் கேட்டிருந்தால் கதை எழுதும் வேலை மிச்சம். கேட்கவில்லை.

2

தொடக்கம்: "தொண்ணூறுகளில் தேசம் தன் கதவுகளை அகலத் திறந்தபோது..."

(வேண்டாம். கட்டுரைப் போட்டி வாடை.)

"செங்கம்மாவின் கண்கள் கலங்க..."

(அவள் அப்படிப்பட்ட ஆளில்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஆந்திர எல்லை ஊரான நகரியில் விசைத்தறி ஓட்டுபவள் செங்கம்மா. மகன் கிஷோருக்கு குவைத் விசா கிடைத்தால், இறந்துபோன கணவரின் மோதிரக் கல்லைத் திருமலை உண்டியலில் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை விமானம். கல்தான் அரிசி கழுவின தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"சாமிக்கு இப்டி மங்கலாவா போடறது? சூடு போட்டு நீலமாக்கிக் குடுண்ணா" என்று கடைக்காரர் முனிரத்தினத்திடம் நீட்டினாள்.

(சாமி நீலம் கேட்டாரா என்று நான் குறுக்கிடவில்லை. குறுக்கிட்டால் கதை இங்கேயே படுத்துவிடும்.)

3

சூளையில் வைக்குமுன் எந்தக் கல்லையும் முனிரத்தினம் படமெடுத்துவிடுவார். கல்லை மாற்றிவிட்டாய் என்று நாளைக்கு யாரும் சண்டைக்கு வரக்கூடாது. பெரிதாக்கிய படத்தை அவளிடம் காட்டினார்.

"பாரும்மா, உள்ளார கோடு கீது. சூடு ஏறுனா தெறிச்சிடும்."

"சாமி கல்லுண்ணா. தெறிக்காது."

தெறித்தது. இரண்டு துண்டும் அப்படியொரு நீலம். செங்கம்மா ஒன்றை விரல்மேல் வைத்துப் பார்த்தாள். ஆசை வந்துவிட்டது. தனக்கென்று அவள் எதற்குமே ஆசைப்பட்டதில்லை, அதனால் கொஞ்சம் பயந்தும் போனாள்.

"வேண்டிக்கினது ஒரு கல்லு. ஒண்ணு போட்டா சரியாப் பூடும் இல்லண்ணா?"

"என்னக் கேக்காதம்மா. ஆகாசத்துல போறது உன் புள்ள."

4

முடிவு அ: இரண்டையும் போட்டுவிடுகிறாள். (உத்தமி. எனக்கு ஒட்டவில்லை.)

முடிவு ஆ: ஒன்றை மட்டும் போடுகிறாள். வெள்ளிக்கிழமை அந்த விமானம்...

(அடித்துவிட்டேன். ஒரு மோதிரத்துக்காக விமானத்தைக் கவிழ்க்கிற ஆள் நானில்லை.)

ஆகவே பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். வியாழக்கிழமை அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறினார்கள். கிஷோர் மொட்டை போட்டுக்கொண்டான். உண்டியலைச் சுற்றி வெள்ளைத் துணி. செங்கம்மாவின் வலது கை அதற்குள் போய் வந்தது.

"போட்டுட்டியாம்மா?"

"போட்டுட்டன்டா."

என்ன போட்டாள் என்று துணிக்குள் எட்டிப் பார்க்கப் போனேன். "ஜருகண்டி, ஜருகண்டி" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து மகனின் மொட்டைத் தலையை வலது கையால் தடவினாள். இடது கை மூடியே இருந்தது.

வரிசையில் எனக்கு அடுத்து நீங்கள்தான். வேண்டுமானால் அந்தக் கையை விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, நான் விரிக்க மாட்டேன்.