கீழ்வீட்டுக்குக் கேட்ட சத்தம்

அல்பேட் டேனிஷ் நகரமான விபோர்க்கில் ஒரே மாடிவீட்டில் பத்தொன்பது வருடங்களாகக் குடியிருக்கிறார். இவ்வளவு காலத்தில் ஒருவர்கூட அவர் வீட்டைப் பற்றி ஒரு குறை சொன்னது கிடையாது. குப்பையைப் பிரித்துப் போடுவதிலும், உடுப்புத் தோய்க்கும் அறைக்கு முறைப்படி பெயர் எழுதுவதிலும், படிக்கட்டில் சப்பாத்தைக் கழற்றிப் போடாமல் உள்ளே கொண்டுபோவதிலும் அவர் வலு கண்டிப்பு. அதனால்தான் ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், யன்னல் செய்யும் பக்டரியின் தேநீர் இடைவேளையில், குடியிருப்பை நிர்வகிக்கும் வீட்டுச் சங்கத்திலிருந்து கைப்பேசிக்கு வந்த கடிதத்தைத் திறந்தவர் வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்க மறந்துபோனார்.

டேனிஷ் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் தன் கண்ணை நம்ப முடியாமல், மொழிபெயர்க்கும் செயலி ஒன்றுக்குள் கடிதத்தைப் போட்டுப் பார்த்தார். ‘உங்கள் குடியிருப்பு மாலையில் தொடர்ச்சியாகக் கத்துகிறது’ என்று அது தமிழில் சொல்லிற்று. சங்கம் எழுதியிருந்தது அவ்வளவு மோசமில்லை. வாரநாட்களில் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் உங்கள் வீட்டிலிருந்து சத்தம் வருவதாக முறைப்பாடு வந்திருக்கிறது, அயலவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் விஷயம்.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் அல்பேட் வீட்டிலேயே இருப்பதில்லை. அவருடைய வேலை முடிவது ஐந்தரைக்கு. சைக்கிளில் வீடு வந்து சேர ஆறு மணி தாண்டிவிடும். அவருடைய மனைவி செலீனா முதியோர் இல்லத்தில் காலைவேலை. நாலு மணிக்கே வந்துவிடுவார். மகள் யூலியானா ஓகூஸ் நகரில் படிக்கிறாள், அங்கேயே அறை எடுத்து இருக்கிறாள். ஆக அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் ஒரே ஆள் செலீனாதான்.

அன்று பின்னேரம் கடிதத்தைக் காட்டியபோது செலீனா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கிரைண்டராய் இருக்கும். சம்பல் அரைக்கிறனான்தானே.”

“பத்தொன்பது வருசமாய் அரைக்கிறாய். இப்பதான் கேக்குதோ?”

“கீழை புது ஆள் வந்திருக்கெல்லோ. அவருக்குக் காது கூர்மையோ என்னவோ.”

கீழ்வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முன் ஒரு இளைஞன் வந்திருந்தது உண்மைதான். அவனை அல்பேட் ஒருமுறைதான் படிக்கட்டில் கண்டிருந்தார். இருவரும் ‘ஹெய்’ சொல்லிக்கொண்டதோடு சரி.

அல்பேட் யூலியானாவுக்குத் தொலைபேசி எடுத்தார். தகப்பன் தமிழில் புலம்ப, மகள் வழக்கம்போல் டேனிஷில் பதில் சொன்னாள்.

“அப்பா, எது சத்தம் என்று தெரியாமல் ஏன் கவலைப்படுகிறீர்கள்? சத்தம் அளக்கச் செயலி இருக்கிறது. இலவசம். இறக்கி அளந்து பாருங்கள்.”

அல்பேட்டுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அளப்பது அவருடைய தொழில்; யன்னல் சட்டத்தில் அரை மில்லிமீற்றர் பிசகினால் தூக்கி ஒதுக்கி வைக்கிறவர் அவர். சாப்பிட்ட கையோடு மூன்று செயலிகளை இறக்கினார். மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். ஒன்று அறுபத்தெட்டு டெசிபல் என்றது, மற்றது எண்பத்தொன்று என்றது, மூன்றாவது நாய்ச் சாப்பாட்டு விளம்பரம் போட்டது. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்தார். அடுத்த நாள் பக்டரியில் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் இருந்த உண்மையான சத்தமானியை இரவல் வாங்கி, வெட்டும் மெசினுக்குப் பக்கத்தில் இரண்டையும் பிடித்துப் பார்த்தார். இரண்டு டெசிபல்தான் வித்தியாசம். அந்தச் செயலியில் அவருக்கு முழு விசுவாசம் வந்தது.

சனிக்கிழமை முழுவதும் அளவெடுப்பு நடந்தது. கிரைண்டர் எண்பத்தெட்டு. பிரஷர் குக்கர் விசில் அடித்தபோது எண்பத்துமூன்று. செலீனா ரொறன்ரோவில் இருக்கும் அக்காவோடு கதைக்கும்போது, கதவு நிலையில் சாய்ந்து நின்று, கைப்பேசியை மெதுவாக நீட்டி அதையும் அளந்தார்.

“எழுபத்தொன்பது,” என்றார் அல்பேட், செலீனா தொலைபேசியை வைத்ததும். “குக்கருக்கு நாலுதான் குறைவு.”

“என்ரை குரலையும் அளந்தனீங்களோ?”

“விஞ்ஞானத்துக்கு ஆள் பேதம் இல்லை.”

“அப்ப பின்னேரச் செபத்திலை நீங்கள் ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லுறதையும் அளவுங்கோ. எங்கடை ஊர்க் குருசுக்கோயில் வரைக்கும் கேக்கும்.”

அதையும் அளந்தார்கள். எழுபத்தாறு. செலீனாவுக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

முடிவு தெளிவாக இருந்தது: குற்றவாளி கிரைண்டர்தான். அதற்குக் கீழே பழைய கம்பளியை நாலாக மடித்துப் போட்டார் அல்பேட். அது போதாதென்று, வாரநாட்களில் கிரைண்டர் போடுவதே இல்லை, குக்கர் நாலே முக்காலுக்குள் இறங்கிவிட வேண்டும் என்று சட்டமும் போட்டார். செலீனா ஒரு மறுப்பும் சொல்லவில்லை. அந்த வாரம் சம்பல் இல்லாமல் பாணும் பருப்பும் சாப்பிட்டார்கள். அல்பேட்டுக்கு வாய் கசந்தது. ஆனால் நல்ல அயலவனாக இருக்கிற பெருமையில் அதைப் பொறுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டாவது கடிதம் வந்தது. சத்தம் குறையவில்லை என்று இருந்தது.

இனிச் சங்கத்தோடு கடிதத்தில் கதைத்துப் பயனில்லை என்று அல்பேட்டுக்குப் பட்டது. புதன்கிழமை ஒன்றரை மணித்தியாலம் லீவு கேட்டு வெளிக்கிட்டார். செலீனாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் அவர் கீழ்வீட்டுக்காரனோடு வாய்க்குவாய் கதைக்க வந்துவிடுவார் என்று பயம். ஐந்து மணிக்குக் கீழ்வீட்டு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். தலைமயிர் ஒரு பக்கமாக எழும்பி நின்றது. காற்சட்டைக்கு மேல் மேலங்கியைப் பின்முன்னாகப் போட்டிருந்தான்.

“மன்னிக்கவும், நான் மேல்வீட்டுக்காரன், அல்பேட். சத்தம் சம்பந்தமாக வந்தேன்.”

அவனுடைய முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. “ஐயோ. என் பெயர் போ. நான் முறைப்பாடு செய்யவில்லை, உண்மையாக. மேலே திருத்தவேலை நடக்கிறதா என்று சங்கத்திடம் இரண்டு தரம் கேட்டேன், அவ்வளவுதான். நான் பேக்கரியில் வேலை செய்கிறேன். அதிகாலை இரண்டு மணிக்கு அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். அதனால் ஐந்து மணிக்குப் படுத்துவிடுவேன்.”

அவனை எழுப்பிவிட்டோமே என்று அல்பேட் வெட்கப்பட்டார். அவர் தன் கைப்பேசியைக் காட்டி, கிரைண்டர், குக்கர், மனைவியின் தொலைபேசிப் பேச்சு என்று தன் அளவுகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். போ தலையைச் சொறிந்தான்.

“கிரைண்டர் எனக்குக் கேட்டதேயில்லை. இது வேறு. நில்லுங்கள், இப்போது தொடங்கும்.”

இருவரும் அவனுடைய படுக்கையறையில் போய் நின்றார்கள். அது சரியாக யூலியானாவின் பழைய அறைக்குக் கீழே இருந்தது. செயலி முப்பத்தொன்று காட்டியது. கோயிலில்கூட அவ்வளவு அமைதி இருக்காது. ஐந்து பத்துக்குத் தொடங்கியது. டும், டும், டும், டும். கூரையிலிருந்து தொங்கிய மின்விளக்குக் கூடு மெல்ல ஆடிற்று. அல்பேட் கைப்பேசியைப் பார்த்தார். நாற்பத்தாறு.

“நாற்பத்தாறுதானே காட்டுது!” என்று டேனிஷை மறந்து தமிழில் சொன்னார்.

போ அவருடைய கையைப் பிடித்துச் சுவரில் வைத்தான். சுவர் துடித்தது. காதுக்கு வராத சத்தம் உள்ளங்கைக்கு வந்தது. யன்னல் சட்டம் நடுங்கினால் காதால் பார்ப்பதில்லை, கையால்தான் பார்ப்பது என்று தினமும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மனிதர் அவர். தன் வீட்டு விஷயத்தில் அது தோன்றவேயில்லை.

அதிர்வு அளக்கும் செயலி ஏதாவது இருக்கும் என்று இருவரும் சேர்ந்து தேடினார்கள். இருந்தது. அல்பேட்டின் கைப்பேசியில் இறக்கி, கட்டில் தலைப்பலகைக்கு மேல் சுவர்த்தட்டில் படுக்க வைத்தார்கள். திரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. இருபது துள்ளல், கொஞ்சம் ஓய்வு, மறுபடி இருபது துள்ளல்.

“மெசின் மாதிரி இருக்கிறது,” என்றான் போ.

அல்பேட் கூரையைப் பார்த்தார். எந்த மெசின்? வீட்டில் செலீனா தனிய. யாராவது உள்ளே புகுந்து எதையாவது உடைக்கிறார்களோ? போவின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, மனைவியின் இலக்கத்தை அழுத்தினார். சிவப்புக் கோடு சட்டென்று படுத்தது. ஐந்தாவது முறை மணி அடித்தபோது செலீனா எடுத்தார்.

“நான்தான். எங்கை நிக்கிறாய்?”

“வீட்டிலை. ஏன், ஆற்றை நம்பர் இது?”

“ஒரு ஆளின்ரை. உனக்கேன் இளைக்குது?”

“இளைக்கேல்லையே. உடுப்பு மடிக்கிறன்.”

“தனியவோ?”

“உடுப்பு மடிக்க எத்தினை பேர் வேணும்? வையுங்கோ, வந்தாப்போலை கதைப்பம்.”

தொலைபேசி வைத்து அரை நிமிடம்கூட ஆகவில்லை, சிவப்புக் கோடு மறுபடி துள்ளத் தொடங்கியது. அல்பேட்டும் போவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அல்பேட் தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஏறினார். போவும் காலுறையோடு பின்னால் வந்தான்.

திறப்புப் போட்டுத் திறந்ததும் யூலியானாவின் அறைப்பக்கம் தரை அதிர்வது தெரிந்தது. அல்பேட் கதவைத் தள்ளினார்.

மகளின் பழைய பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காதில் இரண்டு வெள்ளைப் பொத்தான்களைச் செருகிக்கொண்டு, செலீனா கையையும் காலையும் விரித்துத் துள்ளிக்கொண்டிருந்தார். பூச்சாடியில் சாய்த்து வைத்த கைப்பேசியில் ஒரு பெண்ணும் அதேபோல் துள்ளினாள். செலீனா திரும்பினார், கணவனைக் கண்டார், கணவனுக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரனைக் கண்டார், வீரிட்டார். அல்பேட் அதை அளக்கவில்லை.

“விசரே உங்களுக்கு! ஆரிது?”

“கீழ்வீட்டுத் தம்பி. நீதான் அவருடைய தலைக்கு மேலை குதிக்கிறாய்.”

செலீனா நெற்றியைத் துடைத்தபடி கட்டில் விளிம்பில் இருந்தார். “நான் காதுக்கை பாட்டுப் போட்டல்லோ செய்யிறனான். ஒருத்தருக்கும் கேக்கக்கூடாதெண்டு பாயும் விரிச்சனான்.”

பாட்டு அவருடைய காதுக்குள்தான் இருந்தது. கால்கள் தரையில் அல்லவா இருந்தன.

பிறகு மூவரும் குசினி மேசையில் தேநீர் குடித்தபோது முழுக் கதையும் வெளியே வந்தது. ஜூனில் ஏரியைச் சுற்றி வேலையிடங்களுக்கு ஓட்டம் ஒன்று இருக்கிறது, ஆளுக்கு ஐந்து கிலோமீற்றர். முதியோர் இல்லத்திலிருந்து ஒரு அணி போகிறது. பெயர் எழுதும்போது கூட வேலை செய்யும் ஒருத்தி, ‘செலீனா தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்றாளாம். செலீனா அந்தத் தாளை இழுத்துத் தன் பெயரை ஓடுகிறவர்களோடு எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் பயம் பிடித்தது. உடற்பயிற்சிச் செயலி ஒன்றை இறக்கி ஐந்து கிழமையாகத் துள்ளுகிறார்.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?” அல்பேட்டின் குரலில் கோபம் இருக்கவில்லை. கொஞ்சம் மனத்தாங்கல்தான் இருந்தது.

செலீனா தேநீர்க் கோப்பையைச் சுற்றினார். “போன வருசம் நீங்கள் ஜிம்முக்குப் போய் ரெண்டு கிழமையிலை விட்டனீங்கள். நான் வருசம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சனான். நானும் விட்டிட்டா உங்கடை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?”

ஐந்து கிழமை ஒருநாளும் விடாமல் துள்ளியிருக்கிறாள் என்று அல்பேட்டின் மனதில் ஓடியது. தன் ஜிம் அட்டை இன்னும் சட்டைப் பைக்குள்தான் கிடந்தது.

தமிழ் விளங்காவிட்டாலும் நடப்பது என்னவென்று போவுக்குப் புரிந்திருக்க வேண்டும். தன் கைப்பேசியில் இன்னொரு செயலியைக் காட்டினான். அது ஓடப் பழக்குவது. ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட என்று காதுக்குள் சொல்லும், கிழமைக்குக் கிழமை ஓட்டத்தைக் கூட்டும். அறைக்குள் துள்ளினால் முழங்கால்தான் கெடும், ஏரிக்கரைக்குப் போங்கள் என்றான்.

அவன் போனபின் செலீனா கேட்டார், “அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?”

“போ.”

“போவோ? அப்ப சாப்பிடக் கூப்பிடேக்கை ‘போ, வாங்கோ’ எண்டோ சொல்லுறது?”

அவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போ சோற்றுக்கு வந்தான். கிரைண்டருக்கு விடுதலை கிடைத்திருந்ததால் சம்பலும் இருந்தது. அவன் கண்ணில் நீர் வழிய வழிய இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டான். அவன் கொண்டுவந்த ஏலக்காய் பணிஸ் பையில் பின்னேரத் தேநீருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்த நாளிலிருந்து பின்னேரங்களில் செலீனா ஏரிக்கரையில் ஓடினார். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓடுவதற்குள் நாக்கு வெளியே வந்தது. காதுக்குள் சொல்லும் பெண்ணின் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. ‘நன்றாகச் செய்கிறாய்’ என்று அவள் சொல்லும்போதெல்லாம் ‘நீ வந்து ஓடிப்பார்’ என்று சத்தமாகவே பதில் சொன்னார். நாயோடு நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அல்பேட் வேலை முடிந்து நேரே ஏரிப்பக்கம் வந்து, சைக்கிளில் பின்னால் மெதுவாக மிதித்துக்கொண்டு போனார். மே மாத நடுவில் செலீனா நிற்காமல் பத்து நிமிடம் ஓடினார். அல்பேட் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே பின்னால் போனார்.

ஓட்டம் நடந்த ஜூன் மாலையில் வெயில் ஏழு மணிக்கும் சுட்டது. ஓகூஸிலிருந்து யூலியானா வந்திருந்தாள். போ நித்திரையை விட்டுவிட்டு வந்து நின்றான். தண்ணீர்ப் போத்தல் கதை சொன்ன பெண் முப்பத்தோராவது நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். செலீனா வந்தது நாற்பத்திரண்டாவது நிமிடத்தில். முகம் பீற்றூட்போல இருந்தது. நடக்கவில்லை, ஓடித்தான் வந்தார். கடைசி வளைவில் அந்தப் பெண்ணே திரும்பி ஓடிப்போய், செலீனாவுக்குப் பக்கத்தில் ஓடிக் கூட்டிவந்தாள்.

புல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றும்போது செலீனா சொன்னார், “செப்டெம்பரிலை இன்னொண்டு இருக்காம். சோடியாய் ஓடுறது. உங்கடை பேரையும் குடுத்திட்டன்.”

“என்னைக் கேக்காமலோ?”

“கேட்டா மாட்டன் எண்டுவியள்.”

யூலியானா சிரித்துக்கொண்டே போவுக்கு அதை டேனிஷில் சொன்னாள். போ கைதட்டினான். அல்பேட் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு மனைவியின் சப்பாத்து ஒன்றைக் கையில் எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, விரலால் அழுத்திப் பார்த்தார்.

“உது நல்ல மெத்தையாய் இருக்கு. ஆம்பிளையளுக்கும் செய்யிறாங்களோ?”