நோலாவின் தட்டு

ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வெரிம்பூலில் கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டினால் அடியில் 'பெண்கள் ஆளுக்கொரு தட்டு' என்று ஒரு வரி இருக்கும். தட்டு என்றால் நிறைந்த தட்டு. சாண்ட்விச்சோ கேக்கோ ஏதாவது செய்து எடுத்துவர வேண்டும். அந்த வரியை நாற்பது வருஷமாகத் தன் கையால் எழுதி ஒட்டியவள் நோலா. அன்று சாயங்காலம் அவள் ஒரு வெறும் தட்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாம்மா, ஆறிப்போறதுக்குள்ள எடுத்து வச்சிடு" என்றாள். என் பெயர் அவளுக்கு வரவில்லை.

அவள் கணவன் மெர்வ் வெளியே வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவன் வருவதற்குள் அங்கே நின்ற பெண்கள் எல்லோருமாக அவரவர் தட்டிலிருந்து எடுத்து அதில் அடுக்கினோம். முட்டை சாண்ட்விச், ஜாம் வைத்த ஸ்கோன் ரொட்டி, தேங்காய்த் தூளில் புரட்டிய லாமிங்டன் கேக். ஒன்றுக்கொன்று சேராத தட்டு. மெர்வ் உள்ளே வந்தான், தட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

நான் தெல்மா. இந்த ஊரில் கடையும் தபாலும் என் பொறுப்பு. அன்றைக்குக் கூட்டத்துக்குத் தலைவியும் நான்தான். திட்டு வாங்க வேறு யாரும் முன்வராததால் என் தலையில் கட்டினார்கள். ஊர்க்கூடத்தைக் கரையான் தின்றுவிட்டது, கூரையில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் வேறு. கவுன்சில் பூட்டுப் போட்டுவிட்டது. அதனால் புதுச் சமூகக்கூடம் வேண்டுமா என்று பேச, கால்பந்து கிளப்பின் உடைமாற்றும் அறையில், தைல வாடைக்கு நடுவே ஊரே உட்கார்ந்திருந்தது.

முப்பது லட்சம் டாலர் செலவாம். பாதி கவுன்சில் கொடுக்கும். மீதி எங்கள் தலையில், பத்து வருஷத்துக்கு வரியோடு சேர்த்து விழும். கூட்டத்தில் கை தூக்கி முடிவு சொல்ல வேண்டும்.

சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் மெர்வுக்கு ஒரே ஓர் அறைதான் கண்ணில் பட்டது. ஞாபகம் தவறிப்போனவர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அறை. அதற்கு ஒரு செவிலியை அரசாங்கமே அனுப்பும், கூடம் கட்டுவதாக ஊர் ஒப்புக்கொண்டால். கட்டி முடிக்கும்வரை மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்தில் வைத்து அடுத்த மாதமே தொடங்கிவிடலாம். மெர்வுக்கு அது போதும். போன விதைப்பில் அவன் நோலாவை டிராக்டரில் பக்கத்திலேயே உட்காரவைத்து ஓட்டினான். ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்து இறங்கப் போனாள். இந்த விதைப்புக்கு என்ன செய்வான்? தூரத்தில் பெர்த் நகரத்தில் இருக்கும் மகள் மில்டுராவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்குப் படுக்கை பார்த்து வைத்திருந்தாள். இரண்டரை மணி நேரப் பயணம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கவுன்சிலிலிருந்து வந்த டிரிஸ்டன் கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் ரஸ் எழுந்துவிட்டான். ஊரிலேயே பெரிய நிலக்காரன், அதிக வரி அவனுக்குத்தான்.

"முப்பது லட்சமா? கூரைய என்ன வெள்ளியில வேயப் போறீங்களா தம்பி?"

"புது அறுவடை மெஷின் வாங்கினியே, அப்ப வாயத் தொறந்து விலை கேட்டியா?" என்றான் மதுக்கடை கார்ல்.

"அது கோதுமை அறுக்கும். இது என்னத்த அறுக்கும்?"

"உன் கல்யாணத்துக்கு ஹால ஓசியில குடுத்தோம், மறந்துட்டியா?"

"அந்தக் கல்யாணமே நிலைக்கல. அதுல ஹால் பெருமை வேற."

எல்லோரும் சிரித்தார்கள். நோலாவும் சிரித்தாள், மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்து.

அப்போது மெர்வ் எழுந்தான். எத்தனையோ வருஷமாகக் கூட்டங்களுக்கு வருகிறான், ஒரு நாளும் பேசியதில்லை.

"எனக்குப் பேச வராது. அந்த ரூமு வந்துச்சுன்னா அவ ராத்திரி நம்ம வீட்டுல, அவ கட்டில்லயே படுப்பா. அவ்ளோதான்."

உட்கார்ந்துவிட்டான். ரஸ்கூடத் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். முகங்களைப் பார்த்தால் தெரியாதா?

நோலா எழுந்தாள். பாவாடையை இரண்டு கையாலும் நீவிவிட்டுக்கொண்டாள். கூடத்துக் கமிட்டியில் பொருளாளராக இருந்த நாளெல்லாம் பேசுவதற்கு முன் அப்படித்தான் நீவுவாள். ஒரு தேயிலைப் பைக்கு இரண்டு கோப்பை என்று சட்டம் போட்டவள் அவள்.

"தலைவி அவர்களே" என்றாள். குரல் பழைய குரல்.

"தம்பி, கட்டுறதுக்கு ஆவுற செலவச் சொன்னீங்க. கட்டினதுக்கு அப்பறம்? யாரு கூட்டுவா? கரண்டு பில்லு யாரு கட்டுவா? அந்த ஹால வாசல்ல கேக்கு வித்து, ஆட்டுத்தோல் வித்து கட்டினோம். ஒரு காசு கடன் இல்ல. இப்ப பத்து வருஷத்துக்குக் கடன்ங்கறீங்க. அதுக்குள்ள இங்க எத்தன வீடு பூட்டிக் கெடக்கும்னு பாத்தீங்களா?"

ஒரு சொல் தடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வரைபடத்தைச் சுட்டிக்காட்டினாள்.

"அதுவும் ஞாபகம் இல்லாதவங்களுக்குன்னு தனியா ஒரு ரூமு. யாருக்கு? இந்த ஊருல எனக்குத் தெரியாத ஆளு கெடையாது. அப்படி இங்க ஒருத்தரும் இல்ல."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு அறையே தட்டியது. அழுதுகொண்டே தட்டினார்கள் சிலர். எங்கள் நோலா திரும்பி வந்துவிட்டாள் என்ற சந்தோஷம் அவர்களுக்கு. இந்தச் சந்தோஷத்தில் அவளை ஊரைவிட்டே அனுப்பப் போகிறோம் என்பது அந்த மண்டைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. அமைதி கேட்டு மேசையைத் தட்டித் தட்டி எனக்குக் கை வலித்தது.

கூடம் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னேன். மெர்வ் தூக்கினான். நிச்சயம் தூக்குவார்கள் என்று நான் நம்பிய சிலர் தூக்கவில்லை. வேண்டாம் என்பவர்களைக் கேட்டேன். நோலாவின் கைதான் முதலில் எழுந்தது, மெர்வின் தோளுக்குப் பக்கத்தில், முழங்கை மடங்காமல்.

இரண்டு முறை எண்ணினேன். வேண்டாம் என்ற பக்கம் ஒரே ஒரு கை அதிகம். அந்தக் கையை விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சமம். சமமாக வந்தால் தலைவியின் ஓட்டே முடிவு, அது என்னிடம் இருந்தது.

ரஸ் என் காதருகே வந்தான். அவனைப் பற்றி ஆயிரம் சொல்வேன், ஆனால் இதையும் சொல்ல வேண்டும். "தெல்மா, அவ கைய விட்ரு. அவளுக்கு என்ன தெரியும் பாவம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் மெர்வுக்குக் கேட்டுவிட்டது.

"எண்ணு" என்றான்.

"மெர்வ், கொஞ்சம் யோசி. வெள்ளிக்கிழமை..." என்றேன் நான்.

"கிழமை எனக்குத் தெரியும். இன்னைக்கு இவ பேசினத நீங்க எல்லாரும் கேட்டீங்க. கேட்டுக் கை தட்டினீங்க. இவ கைய இந்த ஊரு என்னைக்கும் எண்ணாம விட்டதில்ல. எம் முன்னால விடாத. எண்ணு தெல்மா."

எண்ணினேன். அவன் கேட்டதைத்தான் செய்தேன், ஆனால் அந்த மனிதன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. தீர்மானம் தோற்றது என்று அறிவித்தேன். டிரிஸ்டன் வரைபடத்தைச் சுவரிலிருந்து உரித்துச் சுருட்டினான்.

தேநீர் வந்தது. யாருக்கும் குடிக்க மனமில்லை. கோப்பையை வைத்துக்கொண்டு நின்றார்கள். மெர்வ் கதவோரம் போய், வெளியே பார்த்தபடி, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது.

நோலா தன் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் அடுக்கிய தட்டுதான். அவளே செய்தது என்று எல்லோரிடமும் சொன்னாள். கதவருகே போனதும் நின்றாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பழைய குரல் அதற்குள் போய்விட்டிருந்தது.

"ஏங்க, அழாதீங்க" என்றாள் மெதுவாக. "ஏதாவது சாப்பிடுங்க. வீட்டுல யாராவது இருக்காங்களா உங்களுக்கு?"

மெர்வ் தொப்பியை இறக்கினான்.

"இருக்கா. எம் பொண்டாட்டி இருக்கா."

"அப்போ சரி" என்றாள் நோலா. தட்டை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "அவங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கோங்க."

மெர்வ் இரண்டு லாமிங்டன் எடுத்துக்கொண்டான்.