கவ்வாத்துச் சாமி

என் தம்பி கணேசமூர்த்தி பல்கலைக்கழகத்தில் படித்தது தொல்லியல். அதோடு சேர்த்துச் சிற்பக்கலை, ஓவியக்கலை. டாக்டருக்குப் படிக்கிறான் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் விளங்கியிருக்கும். பழைய கல்லையும் கட்டடத்தையும் பற்றிப் படிக்கிறான் என்று நான் சொன்னதும் பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கல்லத்தான் நாம தெனம் மிதிக்கிறோமே. அதுக்கு ஒரு படிப்பா புள்ள?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன ஒரே பிள்ளை அவன். அவனை யாராவது ஒரு சொல் சொன்னால் அப்போதெல்லாம் சண்டைக்கு நிற்பேன். இப்போது என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் அப்பா செல்லசாமி, கவ்வாத்துக் கங்காணி. முற்றிப்போன தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டம் செய்வதுதான் கவ்வாத்து. அந்த வேலை தொடங்குமுன் சாமி கும்பிட வேண்டும். எங்கள் கவ்வாத்துச் சாமி நாலாம் நம்பர் மலை உச்சியில், இடுப்பளவு உயரத்தில் நின்ற ஒரு கல். அதில் ஒரு காக்கையும் நாயும் செதுக்கியிருந்தது. நாய் இருக்கிறதே, அப்படியானால் இது முனியாண்டிதான் என்று காடு வெட்டித் தேயிலை வைத்த காலத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். மஞ்சள் பூசி, சூடம் கொளுத்தி, சேவல் அறுத்தபின் அப்பா தன் கத்தியைச் சாமியின் விளிம்பில் வைத்துத் தீட்டுவார். அவருக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்கள். சாமிமேல் தீட்டாத கத்தி வெட்டுகிறவன் காலையே பதம் பார்க்கும் என்று பயம்.

கடைசி வருஷப் படிப்புக்கு ஓர் ஆராய்ச்சி எழுத வேண்டும் என்று 1962இல் தம்பி விடுமுறைக்கு வந்தான். சின்ன வயதிலிருந்து கும்பிட்ட கல்லை அப்போதுதான் உற்றுப் பார்த்தான் போலிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றி எடுத்தான். அப்பாதான் தண்ணீர் தூக்கிக் கொடுத்தார். தாளில் எழுத்துகள் வெள்ளை வெள்ளையாக விழுந்தன.

"இது ராசா காலத்துச் சாசனம்ப்பா. இந்த நெலத்த ஏதோ கோயிலுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. இதுக்குக் கெடுதல் செஞ்சவன் நாயாவும் காக்காயாவும் பொறப்பான்னுதான் இந்தப் படம்."

"நம்ம சாமிக்குப் படிப்பு வேற இருக்கா!" என்று அப்பா குழந்தை மாதிரி சிரித்தார்.

தம்பி சிரிக்கவில்லை. கல்லின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அங்கே பாதி வரிகள் வழவழவென்று தேய்ந்து கிடந்தன. கத்தி தீட்டிய இடம்.

"யாருக்கு யாரு குடுத்ததுன்னு இங்கதாம்ப்பா இருந்திருக்கும். எல்லாம் போச்சு," என்றான். அப்பாவின் முகம் வாடியது.

கல் அரும்பொருட்சாலைக்குப் போய்ச் சேர்ந்தால் அவன் கண்டுபிடிப்பு என்று பேர் வரும், முதல் வகுப்பு கிடைக்கும், அரசாங்கத்தில் உத்தியோகமும் கிடைக்கும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. "ஆபிசர் பாக்க வாராரு. சூடம் கீடம் கொளுத்த வேணாம்ப்பா, பொகை கல்லுக்கு ஆகாது," என்று மட்டும் சொன்னான். முதல் நாளே மிச்ச மஞ்சளையும் சுரண்டி எடுத்துவிட்டான்.

தொல்லியல் இலாகாவிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர். அதை நான் மறைக்கமாட்டேன். கல்லைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தம்பியிடம் சிங்களத்தில் கேட்டார். "உங்கள் ஆட்கள் இதைக் கும்பிடுகிறார்களா? கும்பிடுகிற கல்லை நாங்கள் எடுப்பதில்லை. வேலி போட்டு இங்கேயே விட்டுவிடுவோம்."

அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது. மகன் பேசுகிற அழகைப் பார்த்துக் கைகட்டி நின்றார். லயத்துக்குக் காய்கறி விற்க வரும் சிங்களக் கிராமத்துப் பெண்களோடு பேசிப் பேசி எனக்கு வரும்.

தம்பி சொன்னான்: "இல்லை ஐயா. கத்தி தீட்டத்தான் வைத்திருக்கிறார்கள்."

கொழுந்து பறிக்கும் கூடையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "பொய். இது எங்கள் கடவுள்."

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். தம்பி கல்லின் தேய்ந்த ஓரத்தைக் காட்டி அமைதியாகக் கேட்டான்: "நீங்களே பாருங்கள் ஐயா. கடவுள்மேல் யாராவது கத்தி தீட்டுவார்களா?"

அவர் சிரித்துவிட்டார். அதற்கு மேல் நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. எங்கள் கொழுந்து லொறியிலேயே, எங்கள் சாக்குகளிலேயே சுற்றிச் சாமியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பாவி அப்பா, பின்னாலிருந்து தள்ளிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நடந்ததை ஒரு சொல் விடாமல் அப்பாவிடம் சொன்னேன். மகனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். அவர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"தம்பி சொன்னதுல என்னம்மா தப்பு? படிக்கத் தெரியாம எழுத்த அழிச்சுப்புட்டோமே. சாமின்னா அப்பிடிச் செஞ்சிருப்போமா?"

சாமி போனதற்குக்கூட நான் அவ்வளவு அழவில்லை. இதைக் கேட்டுத்தான் அழுதேன்.

தம்பிக்கு முதல் வகுப்பு கிடைத்தது. உத்தியோகம் கிடைக்கவில்லை. எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கவில்லை; அது இல்லாதவனுக்கு அரசாங்க வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கல்லில் எழுதியதை வாசித்துச் சொன்னவனுக்கு இந்த நாட்டில் பேரில்லை. எனக்குச் சந்தோஷமும் இல்லை, இரக்கமும் வரவில்லை. அடுத்த கவ்வாத்துக் காலத்தில் அவனும் தோட்டத்தில் பேர் பதிந்து கத்தி எடுத்தான்.

கவ்வாத்து தொடங்கும் நாள் காலையில் அப்பாவின் கீழ் கவ்வாத்து வெட்டும் சின்னத்தம்பியும் மற்ற ஆட்களும் சாமி நின்ற இடத்தில் வேறொரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். சேவலும் கட்டியிருந்தது. நாங்கள் கொழுந்துக்காரப் பெண்களும் கும்பிட நின்றோம்.

"கங்காணி, நல்ல கல்லாப் பாத்து வச்சிருக்கோம். நீங்க சூடம் கொளுத்துங்க," என்றான் சின்னத்தம்பி.

அப்பா குனிந்து கல்லின் எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்தார். "வேணாம்டா. இதுல என்ன எழுதியிருக்கோ? மறுபடியும் அழிச்சுத் தொலைக்கணுமா?"

ஆட்களுக்குள்ளிருந்து என் தம்பி முன்னால் வந்தான். கண் கலங்கியிருந்தது. "நான் பாத்துட்டேன்ப்பா. இது வெறுங்கல்லு. நீங்க பயப்படாம கும்பிடுங்க."

அப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"வெறுங்கல்ல எதுக்குடா கும்பிடணும்?" என்றார்.

சேவலை அவரே அவிழ்த்துவிட்டார். அன்று சாமி கும்பிடாமலே கவ்வாத்து தொடங்கியது. முதல் செடியை வெட்டியதும் அப்பாதான்.